ஊரே கேட்டது, நீங்கள் கேட்டீர்களா?

பெரம்பலூர்
6.2.2025

மீன்சுருட்டி ஒலி ஒளி அமைப்பாளர் திரு. பூவரசன் அவர்களுக்கு,

பெரம்பலூர் மேகலா எழுதுவது. இரண்டு நாளாக விடாமல் போன் செய்கிறீர்கள். எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். போனில் அனுப்பியதால்தான் எனக்கு இந்தக் கதி. எதுவானாலும் காகிதத்தில் எழுதுங்கள். காகிதத்துக்கு வால்யூம் கிடையாது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி முழிக்கக் கூடாது. உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் குடமுழுக்குக்கு மூன்று அறிவிப்பு பேசித் தரச் சொன்னீர்கள். யாகசாலைக்கு ஒன்று, அன்னதானத்துக்கு ஒன்று, வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒன்று. திங்கட்கிழமையே பதிவு செய்து அனுப்பிவிட்டேன். அதோடு நான்காவதாக ஒன்றும் உங்களுக்கு வந்திருக்கிறது. அது நான் விளையாட்டாகப் பேசிப் பதிவு செய்தது. கை தவறி வந்துவிட்டது. வந்தால் என்ன? ஒரு தடவை கேட்டுப் பார்க்க மாட்டீர்களா? நான்கையும் அப்படியே பென் டிரைவில் ஏற்றி, ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி அனுப்பிவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மீன்சுருட்டி, கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம், விக்கிரமங்கலம் என்று ஊர் ஊராக அதே நான்கு. அன்னதானம், வண்டி நிறுத்துமிடம், அடுத்தது என் மானம்.

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? விக்கிரமங்கலத்தில் என் அத்தை பச்சையம்மாள் இருக்கிறார். அவர்தான் போன் செய்தார். "ஏண்டி மேகலா, நம்ம தெருவுல ஒன் கொரல்ல ஒரு வண்டி போவுது. கோயிலுக்கு வாங்க வாங்கன்னுட்டு, அப்பறம் பாத்தா யாரோ பூவரசனாம், வாயத் தொறக்க மாட்டேங்கறானாம். யாருடி அவன்?" வண்டி திரும்பி வரும்போது தெருவே வாசலில் வந்து நின்று கேட்டதாம். பக்கத்து வீட்டு மருமகள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, பால் பொங்கிப் போனதுகூடத் தெரியாமல் நின்றாளாம்.

வேறு யார் பேசியிருந்தாலும் யாரோ ஒரு பெண் என்று போயிருக்கும். என் குரல் தெரியாத ஆள் இந்த இரண்டு மாவட்டத்திலும் உண்டா? ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி நான், இலவசக் கண் சிகிச்சை முகாம் நான், காணாமல் போன கன்றுக்குட்டிக்குக்கூட நான்தான். முகத்தை மறைக்க முக்காடு போடலாம். குரலுக்கு எதைப் போடுவது?

வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் பதிவு அறை அப்பாவின் அச்சகத்துக்கு மேலே மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இளையபெருமாள் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் எல்லாம் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த உடையார்பாளையத்துக்காரர்கள், "பொறவு பாத்துக்கலாம்ங்க" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அதற்காக அழுகிறார். அதற்காக நான் அழவில்லை, அது வேறு விஷயம்.

அந்த நான்காவது பதிவை உடனே அழித்துவிடுங்கள். பென் டிரைவிலும் இருக்கக் கூடாது, உங்கள் போனிலும் இருக்கக் கூடாது. ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அழிக்க வேண்டும்.

இப்படிக்கு,
மேகலா

மீன்சுருட்டி
11.2.2025

மேகலா மேடம் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெரிய தப்பு செய்துவிட்டேன். எந்தக் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். உங்கள் பதிவை நான் எப்போதுமே கேட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் வேலையில் தப்பு இருக்காது என்ற நம்பிக்கைதான். மற்றவர்கள் பேசித் தந்தால் இரண்டு தடவை கேட்பேன்.

ஆட்டோ ஓட்டியது அய்யாக்கண்ணு அண்ணன். வருஷக்கணக்காகக் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே உட்கார்ந்து ஓட்டி அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. மத்தியானம் வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். "தம்பி, இந்த வருசம் சனத்துக்குப் பக்தி சாஸ்தியாயிருச்சு. போன எடமெல்லாம் வண்டிய நிறுத்துங்கறாங்க, இன்னொருக்கா போடுங்கறாங்க. ஜெயங்கொண்டத்துல ஒரு டீக்கடையில டீ வாங்கிக் குடுத்துக் கேட்டாங்க." அம்மன் அருள் என்று நானும் நினைத்தேன்.

பிறகு நான் கோபுரத்துச் சாரத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே டீக்கடை ராசாங்கம் அண்ணன் நின்று, "டேய் பூவரசா, வாயத் தொறடா!" என்று கத்தினார். நான் வாயைத் திறந்து, "என்னண்ணே?" என்றேன். கீழே இருந்த கூட்டம் மொத்தமும் கை தட்டியது. எதற்கு என்று புரியாமல் நானும் மேலேயிருந்து கும்பிட்டேன். இறங்கி வந்த பிறகுதான் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதைக் கேட்டு நான் வண்டிக்கு ஓடிப் போய்ப் பென் டிரைவைப் பிடுங்கிய வேகத்தில் ஆம்பிளிபயரே கீழே விழுந்துவிட்டது.

நேற்றுக் குடமுழுக்கு நல்லபடியாக நடந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். உங்கள் அறிவிப்புதான் காரணம் என்று கோயில் கமிட்டித் தலைவர் சொன்னார். எந்த அறிவிப்பு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். உங்கள் பெயருக்கு ஒரு குறையும் வராமல் செய்துவிட்டேன். நானே ஒரு மறுப்பு அறிவிப்பு பேசி, வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அதே ஊர்களில் வண்டியை விட்டேன். "பொதுமக்கள் கவனத்திற்கு. கடந்த செவ்வாய்க்கிழமை ஒலிபரப்பான காதல் வசனம், விரைவில் வெளிவர இருக்கும் குறும்படத்தின் விளம்பரம் மட்டுமே. அதில் வரும் பெயர்கள் அனைத்தும் கற்பனையே." என் குரல் உங்கள் குரல் மாதிரி இருக்காது, ஆனாலும் தெளிவாக இருந்ததாகச் சொன்னார்கள். உங்கள் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று உடையார்பாளையத்துக்குள்ளும் இரண்டு சுற்று விடச் சொன்னேன்.

நீங்கள் விளையாட்டாகத்தான் பேசியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் தப்பாக எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சொன்னபடி பதிவையும் அழித்துவிட்டேன். பங்குனித் திருவிழாவுக்கும் அறிவிப்பு வேண்டியிருக்கிறது. கோபம் ஆறியதும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பணிவுள்ள
பூவரசன்

பெரம்பலூர்
15.2.2025

பூவரசன்,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நேற்றுக் கண் சிகிச்சை முகாமுக்குப் பேச உட்கார்ந்து, "கண்புரை உள்ளவர்கள்" என்பதற்குப் பதிலாக "கண்ணிருந்தும் குருடானவர்கள்" என்று பேசித் தொலைத்தேன். யாரை நினைத்துப் பேசினேன் என்பது உங்களுக்கு இப்போதும் புரியாது.

குறும்படமாம்! பழைய பஸ் ஸ்டாண்டில் பூக்கார அக்கா, "படம் எப்ப பாப்பா வருது?" என்கிறார். ஜவுளிக்கடை முதலாளி, "நடிக்கப் போறதா இருந்தா முன்னாடியே சொல்லிரும்மா, சித்திரைக்கு வேற கொரல் பாக்கணும்ல" என்கிறார். என்னோடு படித்த இலக்கியா வந்து, "ஹீரோ யாருடி?" என்று கேட்டாள். வாயே திறக்காத வேஷம், அதற்கென்றே பிறந்த ஒருவர் கிடைத்திருக்கிறார் என்று சொன்னேன்.

இதில் சந்தோஷப்பட்டது அம்மா ஒருத்திதான். ஏன் தெரியுமா? உடையார்பாளையத்துக்காரர்கள் மறுபடி போன் செய்துவிட்டார்கள். "வெளம்பரந்தானாமே, நாங்க வேற மாதிரி நெனச்சிட்டோம்ங்க" என்று மன்னிப்பு வேறு கேட்டார்களாம். மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். மாப்பிள்ளை பெயர் செந்தில்குமார். உடையார்பாளையத்துக்குள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சுற்று விட்டீர்களே, அதன் பலன் இது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று கையைப் பிடித்து அழைத்துப் போய், அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இனிமேல் எதை மறைத்து என்ன ஆகப் போகிறது? போன கடிதத்தில் பொய் எழுதினேன். கை தவறவில்லை. உங்களுக்குத்தான் அனுப்பினேன். தெரிந்து, நினைத்து, வெகு நேரம் யோசித்துப் பயந்து பயந்துதான் அனுப்பினேன்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அம்மா சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோட்டீஸ் வாசகத்தைப் போனில் அனுப்பினால் போதும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் மீன்சுருட்டியிலிருந்து ஜெயங்கொண்டம், அங்கிருந்து அரியலூர், அங்கிருந்து பெரம்பலூர் என்று மூன்று பஸ் மாறி வந்து கையில் கொடுப்பீர்கள். கொடுத்துவிட்டு நிற்பீர்கள். ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று நான் காத்திருப்பேன். "மழ வரும் போலருக்குங்க" என்பீர்கள். அக்கினி நட்சத்திரத்திலும் அதையேதான் சொன்னீர்கள்.

எனக்கும் நேரில் பேச வராது. மைக் முன்னால் உட்கார்ந்தால்தான் வாய் வரும். அதனால் அறிவிப்பு மாதிரியே பேசினேன். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தது அந்தப் பழக்கத்தில்தான். பெரியோர்களும் தாய்மார்களும் நிஜமாகவே கேட்கப் போகிறார்கள் என்றா நினைத்தேன்? பால்காரர் அண்ணா, கண்டக்டர் அண்ணா, அய்யாக்கண்ணு அண்ணா என்று ஊரில் எல்லாரையும் அண்ணா என்று கூப்பிடுகிறவள், உங்களை மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையே, அதுகூடவா புரியவில்லை என்றும் அதில் கேட்டிருந்தேன். ஜெயங்கொண்டத்துக்குப் புரிந்திருக்கிறது, விக்கிரமங்கலத்துக்குப் புரிந்திருக்கிறது.

நான் மானத்தை விட்டுச் சொன்னதை விளம்பரம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள். பெயர்கள் கற்பனை என்று சொல்லிவிட்டீர்கள். முதல் நாள் வெட்கமாக இருந்தது. இப்போது வலிக்கிறது.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுதுங்கள். அழிப்பதற்கு முன்னால் அதைக் கேட்டீர்களா, இல்லையா?

மேகலா

மீன்சுருட்டி
20.2.2025

மேகலாவுக்கு,

கேட்கவில்லை.

ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அழிக்கச் சொல்லியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது உண்மை. கேட்டுவிட்டு அழித்தால் இவளுக்கு எப்படித் தெரியப் போகிறது என்றும் மனசு சொன்னது. ஆனால் நீங்கள் வேண்டாம் என்ற ஒன்றைத் திருட்டுத்தனமாகக் கேட்க மனம் வரவில்லை. இப்போது, உங்கள் கடிதம் வந்த பிறகு, சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நேற்று ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடைக்குப் போய், அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர், "அந்தப் பதிவுதானே? நான் நேர்லயே கேட்டேனுங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தப் பக்கத்திலேயே அதைக் கேட்காத ஆள் நான் ஒருவன்தான். கேட்டவர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் என்னை "மக்கு" என்றீர்கள் என்று ராசாங்கம் அண்ணன் சொல்கிறார். சலூனில் நீங்கள் பாட்டுப் பாடினீர்கள் என்றார்கள். உரக்கடைக்காரர், கெடு வைத்திருக்கிறீர்கள் என்றும், கெடுவுக்குள் நான் பேசாவிட்டால் நீங்களே ஆட்டோ ஏறி வருவதாகச் சொன்னீர்கள் என்றும் சத்தியம் செய்கிறார். குறும்படம் என்ற கதையை ஒரு ஆள்கூட நம்பவில்லை. உடையார்பாளையத்தில் மட்டும் எப்படி நம்பினார்களோ தெரியவில்லை.

என் அம்மா வைரக்கண்ணு அதிகம் பேச மாட்டார்கள். அன்றைக்குக் களத்தில் எள்ளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். முந்தாநாள் சோறு போடும்போது தானாகவே சொன்னார்கள். "மொதல்ல வெளயாட்டாத்தான்டா பேசுச்சு அந்தப் பொண்ணு. கடசில கொரல் மாறிப் போச்சு. மைக்குல பேசுறவ மாதிரி இல்ல. இவர வுட்டா எனக்கு வேற யாரும் வேணாம்னுச்சு. அதப் போயி சினிமாங்கறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டுச் சட்டியோடு உள்ளே போய்விட்டார்கள். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

எனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் பன்னிரண்டாவதோடு நிறுத்தியவன். நீங்கள் தமிழில் எம்.ஏ. உங்கள் அப்பா என் நோட்டீஸைக் கையில் வாங்கிப் பார்க்கும்போதே எனக்கு வேர்க்கும். மைக்செட்டுக்காரன் என்றால் திருவிழா இருந்தால் வேலை, இல்லாவிட்டால் முந்திரித் தோப்பு. இதையெல்லாம் பஸ்ஸில் வரும்போதே யோசித்துக்கொண்டு வருவேன். படியேறி உங்கள் முன்னால் நின்றதும், சொல்ல வந்தது மறந்துவிடும். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மழையைச் சொல்வேன்.

ஒரு யோசனை சொல்கிறேன். என்னிடம் புதிதாக நான்கு குழாய் ஸ்பீக்கர் இருக்கிறது. நீங்கள் சொல்லும் நாளில் நானே ஆட்டோவை ஓட்டிக்கொண்டு பெரம்பலூர் வருகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து உங்கள் தெரு வரை, என் பதிலை முழுச் சத்தத்தில் போடுகிறேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடக்கட்டும். சரி என்று ஒரு வரி எழுதுங்கள், வண்டியை எடுத்துவிடுகிறேன்.

பூவரசன்

பெரம்பலூர்
24.2.2025

பூவரசனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தபோது அழுகையும் வந்துவிட்டது. மாடிக்கு வந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போய்விட்டார்.

சொன்னால் அப்படியே கேட்கிற பிள்ளை நீங்கள். அழி என்றால் அழிப்பீர்கள். நான் அழிக்கச் சொன்னேன், ஆனால் நீங்கள் திருட்டுத்தனமாகவாவது கேட்டிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் சொல்வதற்கு எல்லாம் அகராதி போட்டுத் தர முடியாது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வேண்டாம் என்றதைத் திருட்டுத்தனமாகக் கேட்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் பல தடவை படித்தேன்.

உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. மற்றவர்கள் சொன்னது எல்லாம் கைச்சரக்கு. மக்கு என்றது மட்டும் உண்மை. நான் உங்களிடம் சொன்னதை உங்கள் அம்மா வாயால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இந்த நிலைமை வந்திருக்காது. மறுபடி பேசி அனுப்புங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அதற்கு இருந்த தைரியம் அன்றைக்கே செலவாகிவிட்டது.

ஆட்டோ மட்டும் வரக் கூடாது. வந்தால் டயரில் ஆணி இறக்குவேன். ஊரைக் கூட்டிப் போட்டி போடுவதற்காக நான் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் கத்துவது உங்களுக்கு வேலை, தினமும் செய்வது. அதற்குப் பின்னால் நீங்கள் ஒளிந்துகொள்ளலாம். அதைத்தான் நானும் செய்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். என் மனசு என்னவென்று இரண்டு மாவட்டத்துக்கும் தெரியும். டீக்கடையில் இருக்கிறவர்களுக்கும் தெரியும், கண்டக்டருக்கும் தெரியும். உங்கள் மனசு என்னவென்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் பன்னிரண்டாவது இருக்கிறது, முந்திரித் தோப்பு இருக்கிறது, நான்கு ஸ்பீக்கர் இருக்கிறது. அந்த ஒன்று மட்டும் இல்லை. ஒருவேளை சொல்வதற்கு ஒன்றும் இல்லையோ, பாவம் பார்த்து எழுதுகிறாரோ என்று பயமாக இருக்கிறது. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கிறேன். தெருவில் எந்த ஆட்டோ சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையத்துக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே அப்பாவிடம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். அது உங்களுக்காக அல்ல. மனசில் ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் அப்பா அடுத்த கேள்வி கேட்பார். அந்த மைக்செட்டுக்காரன் என்ன சொல்றான் என்று கேட்பார். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உண்டு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, எழுதுங்கள்.

மேகலா

(அஞ்சல் அட்டை)

அரியலூர்
27.2.2025

மேகலாவுக்கு,

இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. தெரிந்துதான் அட்டையில் எழுதுகிறேன். மீன்சுருட்டியில் போட்டால் தாமதமாகும் என்று அரியலூர் தபால் ஆபீசுக்கே வந்து, இங்கே நின்றுகொண்டே எழுதுகிறேன். தபால்காரர் படிக்கட்டும். அச்சகத்தில் இருக்கிறவர்கள் படிக்கட்டும். உங்கள் அப்பாவும் படிக்கட்டும்.

எனக்கு உங்களைப் பிடிக்கும். முதல் தடவை படியேறி வந்த நாளிலிருந்து பிடிக்கும். நோட்டீஸ் எல்லாம் ஒரு சாக்கு. உங்களோடுதான் என் வாழ்கை என்று நான் முடிவு செய்து வெகு காலமாகிறது. பாவம் பார்த்து எழுதவில்லை. எனக்கு மணைவியாக வரச் சம்மதமா?

குறும்படம் என்று சொன்னது பொய். அதை டீக்கடையில் எல்லாரும் இருக்கும்போது, மைக் இல்லாமல் சொல்லிவிட்டேன்.

அட்டையில் இடம் முடிந்துவிட்டது.

பூவரசன்

பெரம்பலூர்
1.3.2025

என் பூவரசனுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை அச்சகத்துக்கு இறங்கிப் போய், நாளைக்கு அவர்கள் வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்து, "அய்யய்யோ, சாதிசனம் என்ன பேசும்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பயந்த கேள்வியையே கேட்டார். "அது சரிம்மா. ஊருக்கே ஒன் மனசு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பையன் என்ன சொல்றான்?"

இன்னும் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டியதுதான். அதைச் சொன்னால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று நின்றேன். மெஷின் ஓட்டுகிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுக் காகிதம் அடுக்குகிற மாதிரி நின்றார்கள். அப்போதுதான் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். எப்போதும் வாசலில் போட்டுவிட்டுப் போகிறவர், உள்ளே வந்து அட்டையை அப்பா கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. "நான் படிக்கணும்னு படிக்கல சார், கண்ணுல பட்டுருச்சு" என்று சொல்லிவிட்டு அவரும் நின்றுகொண்டார்.

அப்பா படித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு அட்டையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. உண்டா இல்லையா என்று தெரியாது. அம்மாதான் பொறுக்க முடியாமல் பிடுங்கி, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார். எனக்கு உங்களைப் பிடிக்கும் என்ற வரி வந்ததும் அம்மாவின் குரல் இறங்கிப் போனது. மெஷின்காரர் ஒருவர் கை தட்டப் போய், அப்பாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நீங்கள் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னதை நான் என் அம்மா குரலில் கேட்டேன். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிட்டது. கணக்குத் தீர்ந்தது.

சம்மதம். இதை நான்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், படபடப்பில் கீழே வந்துவிட்டது. சம்மதம், சம்மதம்.

அப்பா உடையார்பாளையத்துக்குப் போன் செய்து பேசிவிட்டார். அவர்கள் கொஞ்சம் கோபப்பட்டார்கள், கோபப்படத்தான் செய்வார்கள். பேசி முடித்து வந்தவர் அம்மாவிடமிருந்து அட்டையை வாங்கி, மேஜையில் வைத்து, புரூப் பார்க்கிற சிவப்புப் பேனாவை எடுத்தார். இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"வாழ்க்கையில ஒரு 'க்' வுட்டுட்டாரு. மனைவிக்கு மூணு சுழி போட்டுருக்காரு. நேர்ல வந்து திருத்திக் குடுக்கச் சொல்லும்மா. பத்திரிகைல இந்தத் தப்பு வந்தா நம்ம பிரஸ்ஸுக்குத்தான் கெட்ட பேரு."

மேகலா